பெர்ஃபாமன்ஸ் கிளட்ச் ஏன் நழுவுகிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 2015ஆம் ஆண்டு மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிடிஐ, 1.5 லிட்டர் டீசல் கார் இருக்கிறது. இன்ஜினை ரீமேப் செய்தபோது (அதாவது, அதன் கணினி மென்பொருளை மாற்றியபோது) டார்க், அதாவது சுழற்றும் விசை, 330 நியூட்டன் மீட்டர் வரை வரும் என்றார்கள். கம்பெனி கிளட்ச் அதைத் தாங்காது என்று ஆர்கானிக் லைனிங் (பிசினில் கட்டிய நார் உராய்வுப் பட்டை) உள்ள பெர்ஃபாமன்ஸ் கிளட்ச் செட்டும் சிங்கிள் மாஸ் ஃப்ளைவீலும் (ஒரே துண்டாலான இன்ஜின் சுழற்சக்கரம்) போட்டுக் கொடுத்தார்கள். ஓராண்டுகூட ஆகவில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது, பாதிக்கு மேல் போனதும், மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறுவதில்லை. கருகிய வாடையும் வருகிறது. ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிவிடுகிறது. இதைவிடக் கடினமான சிராமிக் கிளட்சுக்கு மாறச் சொல்கிறார் மெக்கானிக். பழுது பார்த்தால் போதுமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: சிராமிக் கிளட்ச் வாங்குவதைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். ஓராண்டுக்குள் ஒரு பெர்ஃபாமன்ஸ் கிளட்ச் நழுவுகிறது என்றால், அதன் தாங்கும் அளவு குறைவு என்பது சாத்தியமான காரணங்களில் ஒன்று மட்டுமே. காரணம் தெரியாமல் அதைவிட வலுவான ஒன்றை மாட்டினால், அதே கோளாறு புதிய கிளட்சையும் தின்றுவிடும். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியையும் நீங்கள் இரண்டாம் முறை கொடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பெரும்பாலான ரீமேப் கார்களில் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. ஒரு கிளட்ச் கடத்தக்கூடிய டார்க் நான்கு எண்களின் பெருக்கல்: கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்துப் பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, லைனிங்கின் உராய்வுக் கெழு (எவ்வளவு பிடிக்கும் என்பதைக் காட்டும் எண்), லைனிங்கின் சராசரி ஆரம், உராயும் பக்கங்களின் எண்ணிக்கை. உதாரணமாக, வெளிவிட்டம் 228 மில்லிமீட்டரும் உள்விட்டம் 150 மில்லிமீட்டரும் உள்ள ஒரு பிளேட்டின் சராசரி ஆரம் ஏறத்தாழ 95 மில்லிமீட்டர். பிரஷர் பிளேட் 6000 நியூட்டன் விசையில் அழுத்துகிறது, உராய்வுக் கெழு 0.30, பக்கங்கள் இரண்டு என்று வைத்துக்கொண்டால், 342 நியூட்டன் மீட்டர் வரும். உங்கள் இன்ஜினின் 330ஐ விட இது அதிகம்தான், ஆனால் இடைவெளி வெறும் 12. அந்த லைனிங் சூடேறி, அல்லது சரியாகப் பழகாமல், கெழு 0.25க்கு இறங்கிவிட்டால் அதே கிளட்ச் 285 நியூட்டன் மீட்டரோடு நின்றுவிடும். காலையில் ஊருக்குள் ஒழுங்காக ஓடும் வண்டி மலையில் பாதி வழியில் நழுவுவதற்கு இந்த இறக்கமே போதும்.

ஒருமுறை நழுவத் தொடங்கியதும் கோளாறு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 285 நியூட்டன் மீட்டர் டார்க்கைக் கடத்திக்கொண்டே ஃப்ளைவீலுக்கும் பிளேட்டுக்கும் இடையே நிமிடத்துக்கு 400 சுற்று வேறுபாடு இருந்தால், அந்த இரண்டு மெல்லிய பரப்புகளுக்கு இடையே சுமார் 12 கிலோவாட் வெப்பம் உண்டாகிறது. வீட்டுக் குளியலறையில் உள்ள 2 கிலோவாட் கீசர்கள் ஆறினை ஒரு மூடிய பெட்டிக்குள் ஒன்றாகப் போட்டுவிட்டது போன்ற நிலை அது. அந்த வெப்பத்தில் உராய்வு மேலும் குறையும், நழுவல் மேலும் கூடும். ஆர்பிஎம் முள் தனியாக ஏறுவதைக் கண்ட அந்த நொடியிலேயே காலை எடுத்துவிட வேண்டும். "இன்னும் இரண்டு வளைவுதானே" என்று மிதித்துக்கொண்டே போகக் கூடாது.

இனி, கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்பே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள். வாகன நடமாட்டமில்லாத சமதளச் சாலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, நான்காவது கியரில் 1500 ஆர்பிஎம் அளவில் சீராகப் போய்க்கொண்டிருக்கும் நிலையிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். உங்கள் இன்ஜினில் டர்போ முழு அழுத்தத்தைத் தொடும் 1800 முதல் 2200 ஆர்பிஎம் வரையுள்ள பகுதியில்தான் டார்க் உச்சத்தில் இருக்கும். நழுவல் இருந்தால் அங்கேதான் முள் துள்ளும். குளிர்ந்த நிலையிலேயே நழுவினால் லைனிங் தேய்ந்திருக்கிறது, எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது அழுத்தும் விசை போதவில்லை என்று பொருள். குளிர்ந்த நிலையில் ஒன்றும் தெரியாமல் சூடேறிய பிறகு மட்டும் நழுவினால், உராய்வுக் கெழு சூட்டில் இறங்குகிறது, அல்லது ஹைட்ராலிக் அமைப்பு (பெடலின் அழுத்தத்தை எண்ணெய் வழியாகக் கிளட்சுக்குக் கடத்தும் அமைப்பு) கிளட்சை முழுவதும் விடுவதில்லை. கைப்பிரேக்கைப் போட்டுக்கொண்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு இன்ஜின் அணைகிறதா என்று பார்க்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. முற்றிலும் போய்விட்ட கிளட்சைத்தான் அது காட்டும். உங்கள் வண்டியில் அதைச் செய்தால் பிளேட்டைச் சுடுவதைத் தவிர வேறு பயன் இல்லை.

அந்த ஹைட்ராலிக் சந்தேகத்தைத்தான் நான் முதலில் தீர்த்துக்கொள்வேன், ஏனென்றால் அதற்குச் செலவு மிகக் குறைவு. கிளட்ச் பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குள் போகும் தள்ளுகோலுக்குக் கொஞ்சமாவது வெற்றசைவு (எதையும் தள்ளாமல் நகரும் சிறு இடைவெளி) இருக்க வேண்டும். கனமான பிரஷர் பிளேட் போடும்போது கிளட்ச் நன்றாகப் பிரிய வேண்டும் என்பதற்காகச் சிலர் அந்தக் கோலை நீட்டி வைத்துவிடுகிறார்கள். அப்போது பெடலை விட்ட பிறகும் மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் துளை முழுவதும் திறப்பதில்லை. வண்டி சூடேறச் சூடேறக் குழாயில் உள்ள எண்ணெய் விரிந்து, திரும்பிப் போக வழியில்லாமல், கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங்கை லேசாக அழுத்தியபடியே வைத்திருக்கும். யாரோ பெடலில் கால் வைத்திருப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. சோதிப்பது எளிது: மலையில் நழுவத் தொடங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கிளட்சின் பிளீடர் திருகை (எண்ணெயையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) ஒரு சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். பெடலைத் தொடாமலேயே எண்ணெய் பீறிட்டு வந்து, திருகை மூடிய பிறகு நழுவலும் நின்றுவிட்டால், குற்றவாளி கிளட்ச் பிளேட் அல்ல. இந்தச் சோதனையை ஒரு மெக்கானிக்கை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கிளட்சில் இருப்பதும் பிரேக் எண்ணெய்தான்; அது கண்ணிலும் படக்கூடாது, காரின் வண்ணத்திலும் படக்கூடாது.

அங்கே குறையில்லை என்றால் கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்க வேண்டும். இறக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள், பழைய பாகங்களைத் துடைப்பதற்கு முன்பு பாருங்கள். எண்ணெய்க் கசிவு எங்கிருந்து வந்தது என்பதை அதன் தடமே சொல்லிவிடும். பிளேட்டின் நடுவில் உள்ள பல்வரிசையிலிருந்து வெளிப்பக்கமாகக் கதிர்போல் தெறித்திருந்து, கந்தகம் கலந்த நெடி அடித்தால், அது கியர் ஆயில். இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. ஃப்ளைவீலின் பின்பக்கமும் அதைச் சுற்றியுள்ள கூடும் கருப்பாக நனைந்திருந்தால் அது இன்ஜின் ஆயில். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்கச் சீல் கசிகிறது. டீசல் இன்ஜினில் ரீமேப்பால் டர்போ அழுத்தம் கூடியிருக்கும் நிலையில், கிராங்க் கேஸ் காற்றுப்போக்கி (இன்ஜின் கூட்டுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வழி) அடைத்திருந்தாலும் அந்தச் சீல் தள்ளப்பட்டுக் கசியும் என்பதால், சீலை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடாமல் காற்றுப்போக்கியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணெய் தடமே இல்லை என்றால் ஃப்ளைவீலின் முகத்தைப் பாருங்கள். நீலமும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருந்தால் கடும் வெப்பம் கண்டிருக்கிறது. விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் மெல்லிய விரிசல்கள் இருந்தால் அந்த முகத்தில் புதிய பிளேட்டை வைக்கக் கூடாது. பிளேட்டின் லைனிங்கில் ரிவெட்டின் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை வெர்னியரால் அளக்கச் சொல்லுங்கள், 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் பொதுவாக அந்தப் பிளேட்டின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். லைனிங் நன்றாகத் தடிமனாக இருந்து, மேற்பரப்பு மட்டும் கண்ணாடிபோல் பளபளத்தால், அது தேய்மானம் அல்ல. ஒன்று, பழக்க ஓட்டம் (புதிய கிளட்சை மெதுவாகப் பழக்கும் ஓட்டம்) சரியாக நடக்கவில்லை, இல்லையென்றால் தாங்கும் அளவுக்கு மேல் டார்க் வந்திருக்கிறது.

உங்கள் நேரடிக் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். கோளாறு ஹைட்ராலிக்கில் இருந்து, அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால், பழுது பார்த்தாலே போதும். எண்ணெய் ஊறிய ஆர்கானிக் லைனிங்கைப் பழுது பார்க்க முடியாது. பெட்ரோலிலோ பிரேக் கிளீனரிலோ கழுவி மாட்டினால் சில நாள் ஓடிவிட்டு, சூடேறும்போது உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். வெப்பத்தில் நிறம் மாறிய பிரஷர் பிளேட்டையும் மறுபடி பயன்படுத்தக் கூடாது, ஏனென்றால் அழுத்தும் விசையைத் தரும் அதன் டயஃப்ரம் ஸ்பிரிங் பதம் இழந்திருக்கலாம், அதைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகவே மாற்றுங்கள். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே இரண்டு சீல்களையும் மாற்றிவிடுங்கள். அவற்றின் விலை, மறுபடி கியர்பாக்ஸை இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் பொருட்டே அல்ல. உங்களிடம் இருப்பது சிங்கிள் மாஸ் ஃப்ளைவீல் என்பதால் அதை மேற்பரப்பு அரைக்கும் இயந்திரத்தில் கொடுத்துச் சீராக்கலாம். லேத்தில் சாதாரணமாகக் கடைந்து கொடுப்பதைவிட அரைப்பதே நல்லது. பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பு உயரமாகப் படி போல் அமைந்த ஃப்ளைவீலாக இருந்தால், உராயும் முகத்தில் எவ்வளவு எடுத்தார்களோ அவ்வளவே விளிம்பிலும் எடுக்க வேண்டும். முகத்தை மட்டும் இறக்கினால் புதிய பிரஷர் பிளேட்டின் அழுத்தம் முதல் நாளே குறைந்துவிடும். புதுக் கிளட்ச் நழுவுவதற்கு இதுவும் ஒரு காரணம், பலர் கவனிக்காத காரணம்.

சிராமிக் கிளட்ச் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். அதன் உராய்வுக் கெழு அதிகம், சூட்டையும் நன்றாகத் தாங்கும். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலும் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும், ஏனென்றால் அங்கே கிளட்சைப் பாதி விட்டபடி யாரும் ஊர்ந்து போவதில்லை. வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில், முன்னால் அரசுப் பேருந்து நிற்க, ஏற்றத்தில் மெல்ல எடுக்க வேண்டிய காருக்கு அது பொருந்தாது. பிடித்தால் ஒரேயடியாகப் பிடிக்கும், வண்டி உதறும். அந்த அதிர்ச்சி முழுவதும் கியர்பாக்ஸுக்கும் டிரைவ் ஷாஃப்ட்டுகளுக்கும் போகும். கம்பெனியில் உங்கள் காரின் உச்ச டார்க் 250 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸும் அந்த அளவை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதே. உங்கள் உபயோகத்துக்கு, ஸ்பிரிங் வைத்த நடுப்பகுதியும் ஆர்கானிக் லைனிங்கும் உள்ள, இன்ஜினின் உண்மையான டார்க்கைவிடக் குறைந்தது 20 சதவீதமாவது அதிகம் தாங்கும் கிளட்சைக் கேட்டு வாங்குங்கள். 330க்கு அது ஏறத்தாழ 400 ஆகிறது. அந்த எண்ணைத் தயாரிப்பாளர் எழுத்தில் தர வேண்டும். குதிரைத்திறனில் சொல்லப்படும் தாங்கும் அளவை ஏற்காதீர்கள்.

குதிரைத்திறன் ஏன் உதவாது என்பதற்கும், செலவே இல்லாத இன்னொரு தீர்வுக்கும் விடை ஒன்றே. கிளட்சுக்குத் தெரிவது டார்க் மட்டுமே. 2000 ஆர்பிஎம்மில் 330 நியூட்டன் மீட்டர் என்பது சுமார் 69 கிலோவாட். 4000 ஆர்பிஎம்மில் வெறும் 240 நியூட்டன் மீட்டர் இருந்தாலே 100 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 137 பிஎஸ் குதிரைத்திறன் கிடைத்துவிடுகிறது. ஆகவே வண்டியின் உச்ச வேகத் திறனைத் தருவது மேல் ஆர்பிஎம். கிளட்சைக் கொல்வது கீழ் ஆர்பிஎம்மில் திடீரென எழும் அந்த டார்க் மேடு. ரீமேப் செய்தவரிடமே திரும்பிப் போய், 1500 முதல் 2500 ஆர்பிஎம் வரையுள்ள பகுதியில் டார்க்கை 290 அல்லது 300க்குக் கட்டுப்படுத்தி, அது படிப்படியாக எழும்படி மாற்றித் தரச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் முந்தும்போது நீங்கள் இழப்பது மிகக் குறைவு. கிளட்சுக்குக் கிடைக்கும் நிம்மதியோ மிக அதிகம். உங்கள் இடத்தில் நான் இருந்தால், ஹைட்ராலிக்கைச் சோதித்த கையோடு இதைத்தான் செய்வேன்.

கேள்வி: புதிய பெர்ஃபாமன்ஸ் கிளட்ச் போட்ட முதல் வாரத்திலேயே நழுவுகிறது. மறுபடி இறக்கி, பிளேட்டை உப்புத்தாளில் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், சென்னை

பதில்: முதலில், பழக்க ஓட்டம் கொடுத்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். புதிய லைனிங்கின் மேடு பள்ளங்களும் ஃப்ளைவீலின் மேடு பள்ளங்களும் ஒன்றோடொன்று பொருந்திய பிறகுதான் முழுப் பரப்பும் பிடிக்கும். அதற்கு 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஊருக்குள் நின்று நின்று எடுக்கும் ஓட்டம் தேவை. முழு ஆக்சிலரேட்டர் கூடாது. சென்னையிலிருந்து நேராக நெடுஞ்சாலையில் ஏறி 800 கிலோமீட்டர் போய்வந்தால் அது பழக்க ஓட்டமாகாது, ஏனென்றால் கணக்கில் வருவது தூரத்தைவிட, கிளட்ச் எத்தனை முறை பிடித்து விட்டது என்பதுதான். கெவ்லர் என்ற வலுவான செயற்கை இழையால் ஆன லைனிங்குக்கு இதைவிடவும் பொறுமை வேண்டும். பழகுவதற்கு முன் சூடேற்றிவிட்டால் அதன் முகம் பளபளத்துப் போய், பிறகு முழுப் பிடிப்பைத் தராது.

உப்புத்தாள் யோசனையில் பாதி சரி இருக்கிறது. பளபளப்பு மிக மேலோட்டமாக இருந்து, லைனிங் கருகாமலும் விரிசல் விடாமலும் இருந்தால், சமமான பலகையில் ஒட்டிய நடுத்தரத் தாளில் லேசாகத் தேய்த்து அந்த மினுக்கத்தை எடுக்கலாம். ஃப்ளைவீலையும் அதேபோல் செய்து, எண்ணெய்ப் பசை இல்லாத கிளீனரால் துடைத்து மாட்டலாம். கருகிய வாடை பிளேட்டிலேயே ஊறியிருந்தால் தேய்ப்பது வீண், ஏனென்றால் லைனிங்கைக் கட்டி வைத்திருக்கும் பிசின் உள்ளே வரை சிதைந்திருக்கும். தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது; பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கலாம், ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். மாட்டும்போது ஸ்பிளைனில் (பிளேட்டின் நடுவில் உள்ள பல்வரிசையில்) பூசும் கிரீஸ் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவே போதும். அதிகம் வைத்தால் சுற்றும் வேகத்தில் தெறித்து லைனிங்குக்குத்தான் போய்ச் சேரும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மூடி வளைந்து, அழுத்தம் ஒரு பக்கமாக விழும்.

கேள்வி: மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் காரில் இன்ஜின் வேலை செய்து, கனமான பிரஷர் பிளேட் போட்டிருக்கிறேன். நன்றாக இருந்தது, இப்போது மெல்ல நழுவத் தொடங்கியிருக்கிறது. பெடலும் மிகக் கடினமாக இருக்கிறது. பிளேட்டுக்குப் புதிய லைனிங் அடித்துக்கொண்டால் போதாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் காரில் கிளட்ச் கேபிளால் இயங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். லைனிங் தேயத் தேய டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி நகர்ந்து வரும். அதற்கேற்பக் கேபிளைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். தளர்த்தாமல் விட்டால் பெடலின் மேற்பகுதியில் இருக்க வேண்டிய வெற்றசைவு போய்விடும், பேரிங் எப்போதும் விரல்களை அழுத்திக்கொண்டிருக்கும், இன்னும் லைனிங் மிச்சமிருக்கும்போதே நழுவல் தொடங்கிவிடும். கையால் பெடலை மெல்ல அழுத்திப் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே கனம் தெரிந்தால், முதலில் கேபிளைக் காரின் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள். வேலை கால்மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அப்போதும் நழுவினால் பிளேட்டை மாற்றத்தான் வேண்டும். லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் லைனிங் அடித்துக் கொடுப்பவர்கள் நல்ல கைவேலைக்காரர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் உங்கள் இன்ஜின் 6000 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றுகிறது. எந்தத் தர லைனிங் என்று தெரியாத ஒன்று அந்த வேகத்தில் பிய்ந்தால், கூட்டையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். பெர்ஃபாமன்ஸ் பிளேட்டைத் தயாரித்தவரே திரும்ப வாங்கி லைனிங் போட்டுத் தருவதாக இருந்தால், நடுப்பகுதி ஸ்பிரிங்குகள் ஆட்டம் காணாத நிலையில் அது நல்ல வழி.

பெடல் கடினமாக இருப்பதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கூடுதல் விசை கிராங்க் ஷாஃப்ட்டை முன்னோக்கித் தள்ளுகிறது; அதைத் தாங்குவது திரஸ்ட் பேரிங் என்ற மெல்லிய அரைவட்டத் தகடுகள். சிக்னலில் நிற்கும்போது கிளட்சை மிதித்துக்கொண்டே இருக்காமல் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். இன்ஜினில் வேலை செய்த பிறகு டார்க் எவ்வளவு கூடியது என்பதை டைனோவில் (இன்ஜின் திறனை அளக்கும் கருவியில்) அளந்தீர்களா? டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் ஏர் ஃபில்டர், சைலன்சர், ரீமேப் ஆகியவற்றால் டார்க் சிறிதளவே கூடும். அதற்குப் புதிய நிலையில் உள்ள நல்ல தரமான கம்பெனி கிளட்ச் பெரும்பாலும் தாங்கும், பெடலும் லேசாகும்.

கேள்வி: பெர்ஃபாமன்ஸ் கிளட்ச் போட்டால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டுமா? இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து மாறும்படியான மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறது. கிளட்ச் அந்த விவரங்களில் வருவதில்லை. இன்ஜினையே மாற்றுவது போன்ற மாற்றங்களில்தான் அந்தக் கேள்வி எழும். இன்சூரன்ஸ் வேறு விஷயம். கிளட்ச் தேய்மானத்துக்கு எந்தச் சாதாரணப் பாலிசியும் பணம் தராது என்றாலும், ரீமேப் உள்ளிட்ட மாற்றங்களை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் அதைக் கண்டுபிடித்து, நீங்கள் சொல்லாமல் விட்டதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இடம் கொடுக்காதீர்கள். வாரண்டி காலம் முடியாத கார் என்றால், இன்ஜின், கியர்பாக்ஸ் தொடர்பான உரிமைகளை ரீமேப் பாதிக்கும் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.